இருவர் உழைப்பு, ஒருவர் பெயர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இளைஞருக்குப் பயன்தரும் தொழில் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். எழுத்தையும் படத்தையும் திரையிலே அசையவிட்டுக் கருத்தை விளக்கும் கலையை இன்று மோஷன் கிறபிக்ஸ் என்கிறார்கள். நாம் அசையும் வரைகலை என்போம். கணனி பரவுமுன்னரே இக்கலைக்கு வழிகாட்டிய கணவன் மனைவி இருவரின் கதையைச் சொல்ல எண்ணினோம்.

அமெரிக்கரான சார்ள்ஸ் ஈம்ஸ் கட்டடக் கலை பயின்றவர். றே ஓவியம் பயின்றவர். 1941ஆம் ஆண்டு மணம் முடித்துக் கலிபோர்ணியாவுக்குச் சென்றார்கள். அங்கே வெனிஸ் என்னும் இடத்தில், பழைய வாகனக் கராஜ் ஒன்றைத் தம் பட்டறையாக்கினார்கள். நாற்காலிகளும் கண்காட்சிகளும் நூற்றுக்கு மேற்பட்ட குறும்படங்களும் அவர்கள் கையால் உருவாயின.

அவற்றுள் 1977இல் வெளியான பத்தின் அடுக்குகள் என்னும் ஒன்பது நிமிடப் படம் பெயர் பெற்றது. சிக்காகோ நகரப் பூங்காவிலே இருவர் உணவருந்தி இளைப்பாறுகின்றனர். ஒரு மீற்றர் அகலக் காட்சியில் தொடங்கும் படம், பத்து விநாடிக்கு ஒருமுறை பத்து மடங்கு விரிகிறது.

அதை நம் ஊரிலே வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். கல்லடிக் கரையிலே ஒருவர் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். அரை நிமிடத்தில் ஒரு கிலோமீற்றர் விரிந்து பாலம் தெரியும். ஐம்பதாவது விநாடியில், ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்ட எங்கள் வாவி முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்கும். ஒரு நிமிடத்தில் இலங்கை முழுவதும்! அப்படியே பால்வெளிக்கும் அப்பால் சென்று, மீண்டு, மனிதன் கையின் தோலுக்குள் புகுந்து அணுவின் கருவரை போகிறது அப்படம். பாடப் புத்தகத்திலே பூச்சியங்களாய்க் கண்டவற்றைக் கண்ணாரக் காட்டியது அது.

இவ்விருவருக்கும் நம் அயல்நாட்டோடும் தொடர்புண்டு. இந்திய அரசின் அழைப்பில் அங்கு சுற்றிவந்து 1958இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். அதிலே அவர்கள் வியந்து போற்றியது என்ன தெரியுமா? தண்ணீர் மொள்ளும் செம்பு! அவ்வறிக்கையை அடியொற்றி 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது.

இனி, நாம் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறோம். 1946இல் நியூயோர்க்கிலே நடந்த கண்காட்சி ஒன்றின் தலைப்பு, சார்ள்ஸ் ஈம்ஸ் வடிவமைத்த புதிய தளபாடம் என்பது. றேயின் பெயர் அதிலே இல்லை. தம்மால் முடிந்ததை றே இன்னும் நன்றாகச் செய்வார் என்று சார்ள்ஸ் சொன்னதுண்டு. ஆயினும் உலகம் நெடுங்காலம் அவர் ஒருவரையே பாராட்டியது. 1959இல் மொஸ்கோவிலே ஏழு பெருந்திரைகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்களை அவர்கள் காட்டினார்கள். மறவாதே என்று பொருள்படும் பெயருடைய சிறு நீலப் பூவோடு அக்காட்சி முடிந்தது. பூவைக் காட்டும் யோசனை றேயினுடையது. மறக்கப்பட்டவரே மறவாதே என்றார் போலும்!

சார்ள்ஸ் 1978 ஓகஸ்ட் 21இல் மறைந்தார். இருவரின் ஆக்கங்களையும் ஒழுங்குசெய்வதில் எஞ்சிய காலத்தைக் கழித்த றே, சரியாகப் பத்தாண்டுகளின் பின் அதே நாளில் மறைந்தார்.

பெரியோர்களே, எங்கள் மட்டக்களப்பிலே குடி தாய்வழி வருவது. வீடு பெண்ணுக்கே சீதனமாக எழுதப்படுகிறது. வீட்டு உறுதியிலே பெண்ணின் பெயரை எழுதத் தெரிந்த நமக்குக் கடைப் பலகையிலே எழுத ஏன் கை வருவதில்லை? கலியாண வீடியோவை இரவிரவாக இருந்து வெட்டி ஒட்டுபவள் மனைவி. பலகையிலும் பற்றுச்சீட்டிலும் இருப்பது கணவன் பெயர். படித்த சகோதரியர் பலர், தாம் கற்ற தொழிலைக் கலியாணத்தோடு பெட்டியிலே பூட்டிவிடுகின்றனர்.

புருஷனும் பெண்சாதியும் ஒரே தொழிலில் இறங்கினால் வீட்டிலே சண்டை வரும் என்பர் சிலர். வரத்தான் செய்யும். ஒருவர் உழைப்பை மற்றவர் பெயரிலே மறைத்துவிட்டால் மட்டும் சமாதானம் வந்துவிடுமா? வள்ளுவர் மனைவியைப் பற்றிய அதிகாரத்துக்கு வாழ்க்கைத் துணைநலம் என்று பெயரிட்டார். துணை என்பவர் பின்னே வருபவர் அல்லர். பக்கத்தில் நிற்பவர் அன்றோ? அம்மையை இடப்பாகத்தில் வைத்த இறைவனை வணங்கும் நமக்கு இது புதிய பாடமுமல்ல.

ஆதலால், தொழில் தொடங்கும் சகோதரர்களே, பலகை எழுதுபவரிடம் இரண்டு பெயரைக் கொடுங்கள். சகோதரிகளே, உங்கள் வேலையின் கீழே உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். பெரியோர்களே, அதைக் கண்டு முகம் சுளியாது வாழ்த்துங்கள்.