மலையேறப் போகும் தோழர்களுக்கு
(சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் இளைஞர்கள் கல்சுபாய் மலையேறி, இரவுப் பள்ளிக்கு நிதி திரட்டப் போகிறார்கள். மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரம், 1,646 மீட்டர். வாழ்த்துகிறேன். அதற்கு முன் ஒரு வார்த்தை.

1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் இருவர் நின்றார்கள். ஒருவர் ஹிலாரி. மற்றவர் டென்சிங், பிழைப்புத் தேடி டார்ஜிலிங் வந்து, 1935இல் கூலிக்குச் சுமை தூக்கியவர். நம்மைப் போல் ஊர்விட்டு வந்த தொழிலாளி! அந்த 1953 பயணத்துக்குச் சாமான் சுமந்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல். அவர்கள் பெயரை யார் அறிவார்?

பின்னாளில் ஹிலாரி, என்ன உதவி வேண்டும் என்று ஷெர்பாக்களையே கேட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றார்கள். 1961இல் கும்ஜுங்கில் பள்ளி எழுந்தது. 1966இல் குண்டேயில் மருத்துவமனை.

நாமும் அப்படியே செய்வோம். விளக்கு வேண்டுமா, புத்தகம் வேண்டுமா என்று படிக்க வருகிறவர்களையே கேளுங்கள். ரயில் கட்டணமும் சாப்பாடும் ஏறுகிறவர் கைக்காசு. உண்டியல் காசு முழுதும் பள்ளிக்கு. அடிவாரத்துப் பாரி கிராமத்தில் சோறு பொங்கித் தருபவருக்கும் வழிகாட்டுபவருக்கும் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். திரும்பியதும் வரவு செலவை இதே மேடையில் படியுங்கள்.

உழைப்பவன் கூலியைக் குறைத்துச் சேர்க்கும் பணம் தருமம் ஆகாது, தோழர்களே!