வேரும் வார்ப்பும்



தமிழில் நாம் பெரும்பாலும் வேரின் பின்னே உறுப்புகளைச் சேர்த்துச் சொல்லாக்குகிறோம்: எழுது, எழுத்து, எழுத்தாளர். அரபு மொழியோ சொல்லின் உள்ளேயே மாற்றம் செய்கிறது. க், த், ப் என்னும் மூன்று மெய்கள் ‘எழுதுதல்’ என்னும் பொருளைத் தாங்கும் வேர். உயிர்களாலும் சில முன்னொட்டுகளாலும் அமைந்த வார்ப்புகளில் அவ்வேரை இட்டால், காதிப் என்பது எழுதுபவர்; மக்தூப் என்பது எழுதப்பட்டது; மக்தப் என்பது எழுதும் இடம். மலாயில் கல்லூரியைக் குறிக்கும் ‘மக்தப்’ இதுவே.

இனி, ‘கிடைத்தல்’ என்னும் பொருளுடைய ஹ், ஸ், ல் வேரை அவ்வார்ப்புகளில் இடுவோம். காதிப் போல ஹாஸில் பிறக்கும். மலாயில் விளைச்சலையும் வருவாயையும் குறிக்கும் சொல் அது. மக்தூப் போல மஹ்ஸூல் பிறக்கும்; அதுவே நம் வழக்கில் மகசூல். வேறொரு வார்ப்பில் பிறக்கும் தஹ்ஸீல், திரட்டுதலைக் குறிக்கும்; பாரசீக ஈறு பெற்றுத் தாசில்தார் ஆயிற்று. வேரறியாதவர்க்கு இவை தனித்தனிச் சொற்கள். அறிந்தவர்க்கு ஒரே குடும்பம். வேர்வரிசை அகராதியில் மக்தூப் என்பதை மகரத்தில் தேடினால் கிடைக்காது, ககரத்தில் தேடவேண்டும்.

இந்நெறி நமக்கு முற்றிலும் புதிதன்று. கெடு கேடாவதையும் சுடு சூடாவதையும் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று கற்பிக்கிறோம். நமக்குச் சிலவிடத்து நிகழ்வது அரபிக்கு அடிப்படை நெறி. எனவே அவ்விதியைத் தேர்வுக்காக மனனம் செய்விப்பதோடு நில்லாமல், மாணவர் நாள்தோறும் கேட்கும் மலாய்ச் சொற்களின் வேரையும் அதன்வழித் தேடச் செய்வோம். தம் மொழியின் இலக்கணம் பிறமொழியை அறியவும் உதவும் என்பதை அவர்கள் தாமே உணர்வர்.