பெயரில்லாத ஆளிகள்



'ஆளி' என்றதும் இலக்கியம் பயின்றவர் மனத்தில் ஒரு கொடுவிலங்கு எழும். சங்கப் பாடல்களில் அது யானையையும் தாக்கவல்ல, சிங்கத்தை ஒத்த விலங்கு. கோயில் தூண்களில் நாம் காணும் யாளி அதன் உறவு. ஆனால் நமது பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டால் ஆளி சுவரில் இருக்கிறது என்பார்கள். மின்சுற்றை ஆளும் கருவிக்கு இலங்கையின் விஞ்ஞானப் பாடநூல்கள் வழங்கும் பெயர் அது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'சாவி' என்றும் 'சொடுக்கி' என்றும் காணலாம். வீட்டிலே நாம் எல்லோரும் 'சுவிச்சு' என்றுதான் சொல்கிறோம். எனினும், ஆள்வது ஆளி என்பது எவ்வளவு பொருத்தமான பெயர்! அப்படியாயின், எதை ஆள்கிறது என்று எவருக்கும் தெரியாத ஆளியை என்னவென்பது? இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

பெரியகல்லாற்றில் என்னிடம் படித்த ஒரு மாணவன், இன்று குடும்பத் தலைவன், பழைய ஜப்பானிய வேன் ஒன்றை வாங்கினான். சாதாரண வேன் அல்ல. உள்ளே படுக்கை, சிறிய கைகழுவும் தொட்டி, தண்ணீர்த் தாங்கி, கூரையில் காற்றாடி. ஓடும் வாகனத்துள் ஒரு சிறு வீடு. அறுகம்பைக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது அவன் எண்ணம். சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு பலகை. அதிலே வரிசையாக ஏழு ஆளிகள். கீழே ஜப்பானிய எழுத்து. அதிலும் பாதி தேய்ந்து போயிற்று. விற்றவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவன் என்னிடம் வந்து சொன்னான்: "சேர், நீங்க மொழி படிப்பிக்கிற ஆள்தானே. இந்த எழுத்தையும் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்."

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆனால் தெரியாத எழுத்தின் முன்னால் எப்படி நிற்பது என்பதைத் தமிழ் எனக்குக் கற்பித்திருக்கிறது. பொருள் தெரியாத ஒரு பழஞ்சொல்லைக் கண்டால் உரையாசிரியர்கள் என்ன செய்தார்களோ, அதையே அந்தப் பலகையின் முன்னும் செய்யலாம் என்று தோன்றியது.

உரைகாரர் முதலில் பார்ப்பது இடம். சொல் எந்தத் திணையில், யார் கூற்றில் வருகிறது என்பது தெரியாமல் பொருள் சொல்ல முற்படமாட்டார். இத்தகைய வேனிலும் முதலில் அறிய வேண்டியது இடந்தான். அங்கே ஓடுவது ஒரு மின்சாரம் அல்ல, இரண்டு. ஒன்று பற்றரியிலிருந்து வரும் 12 வோல்ற்று. விளக்கும் நீர்ப்பம்பியும் அதனால் இயங்குபவை. மற்றையது வெளியிலிருந்து வயர் இழுத்துக் கொடுக்கும் வீட்டு மின்சாரம். மாணவன் அந்த வயரை மாட்டுவதற்குக் கடையில் ஒரு பிளக் மாற்றியும் வாங்கி வைத்திருந்தான். வேனின் வெளிப்புறத் துளைக்கு அருகே அழுக்கைத் துடைத்துப் பார்த்தோம். '100' என்ற எண் தெரிந்தது. ஏழு ஆளிகளின் கீழிருந்த எழுத்துகளைவிட அந்த ஓர் எண்தான் முக்கியமானது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று. நமது நாட்டில் 230. நூறுக்குச் செய்த ஒரு சூடாக்கியை நமது மின்சாரத்தில் மாட்டினால் அது ஐந்து மடங்குக்கு மேலாகக் கொதிக்கும். உள்ளே மெத்தையும் திரைச்சீலையும் இருக்கின்றன. அந்த எண்ணை வாசியாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். பிளக் மாற்றி துளையின் வடிவத்தை மாற்றுமேயன்றி மின்சாரத்தின் அளவை மாற்றாது.

வெளி மின்சாரத்தை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, பற்றரியோடு தொடங்கினோம். கொப்பித் தாளில் பலகையை வரைந்து ஒன்று முதல் ஏழு வரை இலக்கமிட்டோம். நீர்ப்பம்பி வெறுமையில் ஓடினால் பழுதாகும் என்பதால் தண்ணீர்த் தாங்கியை நிரப்பினோம். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தோம். ஒன்றுமே நடக்கவில்லை! ஏழும் ஊமையாயிருந்தன. "எல்லாம் பழுது சேர்" என்றான் அவன்.

செய்யுளிலே ஓர் அடியில் நிற்கும் சொல், பல அடி தள்ளி நிற்கும் வினையோடு சேர்ந்தால்தான் பொருள் தரும். அதைக் கொண்டுகூட்டு என்கிறோம். தனியே பார்த்தால் அந்தச் சொல் ஊமை. ஆளிகளிலும் அப்படி உண்டு. எல்லாவற்றுக்கும் தலைவாசலாக ஒரு தலைமை ஆளி இருக்கும். அது மூடாதவரை மற்றவை பேசா. முதலாவதைப் போட்டு வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போட்டோம். இரண்டாவதுக்குக் கூரை விளக்கு எரிந்தது. ஐந்தாவதுக்குக் காற்றாடி சுழன்றது. நான்காவதைப் போட்டபோது ஓர் உறுமல் கேட்டுச் சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. குழாயைத் திறந்ததும் மறுபடி உறுமியது. அதுதான் நீர்ப்பம்பி. குழாயில் அழுத்தம் நிரம்பியதும் தானே நின்று, தண்ணீர் கேட்டதும் தானே எழும்புவது அதன் இயல்பு.

மூன்றாவது பேசவில்லை. அதன் பின்னால் போன வயரைத் தொடர்ந்து போனால் படுக்கைத் தலைமாட்டில் ஒரு சிறு விளக்கில் முடிந்தது. தொடுமிடத்தில் பச்சைக் களிம்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று வாழும் நமக்குக் களிம்பைப் பற்றி எவரும் சொல்லத் தேவையில்லை. உவர்க்காற்று செம்பைத் தின்னும். பற்றரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைச் சுரண்டித் துடைத்து, மீண்டும் மாட்டியதும் விளக்கு எரிந்தது. ஏடு செல்லரித்தது வேறு, பாட்டு இல்லாமற் போனது வேறு அல்லவா?

பியூஸ்களும் ஒருவகைக் குறிப்புரைதான். இலை போன்ற புதிய வகையில் நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிறிய அளவு விளக்குக்கும் பெரிய அளவு மோட்டருக்கும் போவதைக் காணலாம். அறுந்த பியூசுக்குப் பதிலாகப் பெரியதைப் போடுவதும், வெறும் கம்பியைச் சுற்றுவதும் நம்மிடையே உள்ள வழக்கம். பியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. அது அறாவிட்டால் வயர் எரியும்.

ஆறாவது ஆளி எங்கள் அறிவுக்கு எட்டவில்லை. போட்டாலும் நிறுத்தினாலும் வேறுபாடு இல்லை. இந்த இடத்தில் எனக்கு உ. வே. சாமிநாதையரின் நினைவு வந்தது. சீவக சிந்தாமணி ஏடு கையில் கிடைத்தபோது அவர் பெரும் புலமை உடையவர். ஆயினும் அதிலிருந்த சமண சமயச் சொற்கள் அவருக்குப் பிடிபடவில்லை. தனியே இருந்து ஊகித்து எழுதிவிடவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்களைத் தேடிப் போய்க் கேட்டார். தமக்கு விளங்காதது அவர்களுடைய அன்றாட வழக்கிலேயே இருக்கக் கண்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. தெரிந்தவரிடம் போய்க் கேட்பதும் புலமையின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாங்களும் போய்க் கேட்டோம். ஜப்பானிய வேன்களோடு பல்லாண்டு பழகிய வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். எழுத்தை அவரும் வாசிக்கவில்லை. வயரைத் தடவிப் பார்த்தார். "இது ரெண்டு பற்றரியையும் தொடுக்கிறது தம்பி. எஞ்சின் ஓடக்குள்ள போடு. நிப்பாட்டினா நூர்த்துவிடு. இல்லாட்டி ராவைக்கு உள்ளுக்க லைட் எரிய, விடிய எஞ்சின் எழும்பாது." இரவில் ஓடாத வேனுக்குள் வெளிச்சம் அனுபவித்தவன், காலையில் நடுவழியில் நிற்பான். அதைத் தடுக்க வைத்த ஆளி அது. 'நூர்த்துவிடு' என்றாரே, அந்தச் சொல்லையும் கவனியுங்கள். குத்துவிளக்குக்குச் சொன்ன சொல்லை நம்மவர் மின்சாரத்துக்கும் தயங்காமல் கொடுத்துவிட்டார்கள்.

ஏழாவது? அதன் வயர் பலகைக்குப் பின்னாலேயே வெட்டப்பட்டிருந்தது. ஏதோ ஒரு கருவியை முன்னையவர் கழற்றியிருக்க வேண்டும். புறநானூற்றைப் பதிப்பித்தவர்கள் சிதைந்த இடங்களில் தாமே சொற்களை இட்டு நிரப்பாமல் புள்ளியிட்டுக் காட்டினார்கள். நாங்களும் ஏழாவதன் கீழ் 'இணைப்பு இல்லை' என்று எழுதினோம். மற்ற ஆறுக்கும் தமிழிலே பெயர் எழுதி ஒட்டினோம். வருகிற பயணிக்காகக் கீழே ஆங்கிலத்திலும் எழுதினோம்.

நேயர்களே, இது ஒரு வேனின் கதை மட்டுந்தானா? நமது ஊர்களில் எத்தனை வீடுகளில் எந்த ஆளி எதற்கு என்பது ஒருவருக்கு மட்டுமே தெரியும்! அவர் வெளிநாடு போய்விடுகிறார், அல்லது கண்ணை மூடிவிடுகிறார். ஒருவருக்கு மின்சாரம் தாக்கும் கணத்தில், முதன்மை ஆளி எது என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இராது. 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பிறகு, ஒரு கணத்தின் விலை என்னவென்று இந்தக் கரையோரத்துக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர், கற்பித்தவர். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் தம் வாழ்வின் பல ஆண்டுகளை, எவரும் வாசித்துக் கேட்டிராத பழைய யாழ்களின் நரம்பையும் சுருதியையும் நூல்களில் தேடிக் கணக்கிடுவதிற் செலவிட்டார். 1947இல் 'யாழ் நூல்' வெளிவந்தது. அந்த யாழ்களை மீட்டத் தெரிந்தவர்கள் இருந்த காலத்தில், அந்த அறிவு கைக்குக் கை செல்லாமல் எங்கோ அறுந்துவிட்டது. அதை மீட்க ஓர் அறிஞரின் ஆயுள் வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். இன்று மாலை உங்கள் வீட்டு மின்பலகைக்கு முன்னால் பிள்ளைகளோடு நில்லுங்கள். ஒவ்வோர் ஆளிக்கும் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஆளி என்றாலும் சரி, சுவிச்சு என்றாலும் சரி; பிள்ளை வாசிக்கக்கூடிய எழுத்திலே இருக்கட்டும். முதன்மை ஆளியின் பெயரைச் சற்றுப் பெரிதாக எழுதுங்கள்.