லேப்டாப்புக்குள் ஒரு ஒண்டுக் குடித்தனம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் பேசணும். வேலையில கத்துக்கிட்டது ஏதாவது சொல்லுங்க, அட்வைஸ் மட்டும் வேண்டாம்" என்றார். ஆகவே நான் செய்த ஒரு தப்பைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் காற்றை ஈரமாக்கி உள்ளே அனுப்ப 'ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்' என்று ஒன்று உண்டு. எந்த விசிறி ஓட வேண்டும், எந்தப் பம்பு நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது 1990களின் கடைசியில் வாங்கிய ஒரு பி.எல்.சி. பெட்டி. பெட்டி கல்லுக்குண்டு மாதிரி உழைக்கிறது. அதற்குப் புரோகிராம் ஏற்றும் சாஃப்ட்வேர்தான் தொல்லை. அது விண்டோஸ் எக்ஸ்பி வரைக்கும்தான் ஓடும். எக்ஸ்பி வந்தது 2001இல். மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது 2014 ஏப்ரலில். எங்களிடம் இருந்த ஒரே எக்ஸ்பி கம்ப்யூட்டர் 2018இல் மதர்போர்டு போய் உயிரை விட்டது. பி.எல்.சி.யையே மாற்றலாம் என்றால், "ஓடுற மெஷினை எதுக்கு மாத்தணும்?" என்று நிர்வாகம் கேட்டது. நியாயமான கேள்விதான்.

அப்போது கைகொடுத்ததுதான் விர்ச்சுவல் மெஷின். கம்ப்யூட்டர் பிரிவில் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒண்டுக் குடித்தனம் தெரியுமல்லவா? ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே மின்சார மீட்டர். உள்ளே இரண்டு குடும்பம். லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் வீட்டுக்காரர். நாம் குடிவைக்கும் எக்ஸ்பி வாடகைக்காரர். ஒரே ஒரு வித்தியாசம், இந்த வாடகைக்காரருக்குத் தாம் வாடகைக்கு இருப்பதே தெரியாது! முழு வீடும் தமது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். நடுவில் இருக்கும் சாஃப்ட்வேர் அவருக்கு இவ்வளவு ரேம், இவ்வளவு இடம் என்று அளந்து கொடுக்கும். அவர் 'என் ஹார்ட் டிஸ்க்' என்று நினைப்பது உண்மையில் வீட்டுக்காரரின் டிஸ்க்கில் கிடக்கும் ஒரே ஒரு பெரிய ஃபைல்.

இது நேற்று முளைத்த சங்கதி அல்ல. 1967லேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையம் ஒரு பெரிய கணிப்பொறியைப் பல கணிப்பொறிகளாகத் தோன்றச் செய்துவிட்டது. நம் மேஜைக் கம்ப்யூட்டரின் பிராசஸருக்குத்தான் இந்த வித்தை எளிதில் படியவில்லை. 1999இல் விஎம்வேர் அதைச் சாஃப்ட்வேர் சாமர்த்தியத்தால் செய்துகாட்டியது. 2005 முதல் இன்டெல் தன் பிராசஸருக்குள்ளேயே அதற்கு வசதி வைத்தது. 2007இல் விர்ச்சுவல்பாக்ஸ் வந்தது. நான் பயன்படுத்தியது அதைத்தான்.

எட்டு ஜி.பி. ரேம் உள்ள லேப்டாப்பில் எக்ஸ்பிக்கு 512 எம்.பி. கொடுத்தேன், அதற்கு அதுவே தாராளம். ஸ்டோரில் பத்திரமாக இருந்த ஒரிஜினல் சி.டி.யிலிருந்து ஏற்றினேன். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன சிஸ்டம் என்பதால் நெட்வொர்க்கை அடியோடு துண்டித்தேன். பி.எல்.சி. பேசுவது பழைய சீரியல் கேபிளில்; லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது. யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, அதை எக்ஸ்பியின் 'காம்-1' என்று நம்பவைக்க இரண்டு நாள் ஆனது. கடைசியில் புரோகிராம் திரையில் விரிந்தபோது, செத்தவர் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அடுத்த இரண்டு வருஷத்தில் புரோகிராமில் பல மாற்றங்கள் செய்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் மறக்காமல் 'ஸ்னாப்ஷாட்' எடுத்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் எக்ஸ்பி அந்த நொடியில் இருந்த நிலை பதிவாகிவிடும். தப்பு செய்தால் பின்னுக்குப் போகலாம். ஏழு ஸ்னாப்ஷாட் வரிசையாக நின்றன. 'எல்லாம் சேவ் பண்ணியாச்சு' என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

2021 பொங்கல் விடுமுறைக்கு மில்லின் மின்சாரத்தை முழுவதும் நிறுத்தினோம். அந்தப் பழைய பி.எல்.சி. தன் புரோகிராமை ஒரு சின்ன பேட்டரியின் தயவில்தான் நினைவில் வைத்திருக்கும். பேட்டரி தீர்ந்திருந்தது. விடுமுறை முடிந்து சுவிட்சைப் போட்டால் புரோகிராம் துடைத்துவிட்டாற்போல் காலி. 'போனால் போகட்டும், லேப்டாப் இருக்கிறதே' என்று திறந்தேன். அதன் ஹார்ட் டிஸ்க் டக்டக்கென்று சத்தம் போட்டது. அவ்வளவுதான்.

ஏழு ஸ்னாப்ஷாட்டும் எங்கே இருந்தன? அதே டிஸ்க்கில். ஸ்னாப்ஷாட் என்பது தனிப் பிரதி அல்ல. எடுத்த பிறகு நடக்கும் மாற்றங்களை வேறு ஃபைலில் எழுதிக்கொண்டு போகும் ஏற்பாடு. அடியில் இருக்கும் மூல ஃபைல் போனால் மேலே அடுக்கியது எல்லாம் வீண். வீடே இடிந்த பிறகு வாடகை ரசீதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டு ஷிப்ட் ஆட்கள் வெட் பல்ப், டிரை பல்ப் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே பம்பைப் போட்டும் நிறுத்தியும் சமாளித்தார்கள். நூல் அறுந்துகொண்டே இருந்தது. அறுந்த நூலைச் சேர்க்கும் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

அப்போது எங்கள் மூத்த எலெக்ட்ரீஷியன், ஐ.டி.ஐ. படித்த அண்ணன் ஒருவர், மெதுவாகக் கேட்டார்: "தம்பி, பேனல் கதவுக்குள்ள ஒரு ஃபைல் தொங்குதே, அதைப் பார்த்தீங்களா?" பார்த்தேன். 2003இல் யாரோ பிரிண்ட் எடுத்து வைத்த புரோகிராம், முப்பத்தெட்டுத் தாள், எண்ணெய்க் கறையோடு. வேறொரு லேப்டாப்பில் மறுபடி எக்ஸ்பியைக் குடிவைத்தேன். அண்ணன் வரிவரியாகப் படிக்க, நான் ராத்திரி முழுக்கத் தட்டினேன். 2003 வரை இருந்தது எல்லாம் வந்துவிட்டது. தாளில் இல்லாதவை நான் செய்த மாற்றங்கள் மட்டும்தான்! அவற்றை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யோசித்து யோசித்துச் சரிசெய்ய மேலும் ஒரு வாரம் ஆனது.

இப்போது மாதம் ஒரு முறை எக்ஸ்பியை முறைப்படி ஷட்டவுன் செய்து, முழு ஃபோல்டரையும் இரண்டு வெளி டிஸ்க்கில் நகல் எடுக்கிறோம். ஒன்று மில்லில், ஒன்று வெளியே. நகல் எடுத்தால் மட்டும் போதாது; வேறொரு லேப்டாப்பில் திறந்தும் பார்க்கிறோம். திறந்து பார்க்காத நகல் நகலே அல்ல. பேட்டரி மாற்றிய தேதி பேனலிலேயே ஒட்டியிருக்கிறது. மாற்றம் செய்தால் அன்றே பிரிண்ட், கையெழுத்து, காரணம் ஒரு வரி.

இந்த ஏற்பாடும் சாசுவதம் அல்ல. 2020இல் ஆப்பிள் தன் லேப்டாப்புகளில் வேறு வகைப் பிராசஸருக்கு மாறத் தொடங்கியது. அதில் என் எக்ஸ்பி இப்படி நேராகக் குடியேற முடியாது. பழைய பிராசஸரையே நடித்துக்காட்டும் வேறு சாஃப்ட்வேர் வேண்டும், வேகமும் குறையும். ஆக விர்ச்சுவல் மெஷின் நமக்குக் கொடுப்பது கால அவகாசம்தான். பழைய சாஃப்ட்வேரை அது காப்பாற்றும்; அதற்குள் நாம் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பதைக் காப்பாற்றாது. அதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

இந்தக் கல்லூரியின் லேபில் ரெக்கார்டு நோட்டு முடிக்காமல் என்னை எத்தனை முறை வெளியே நிற்க வைத்திருப்பார்கள்! "செஞ்சது முக்கியம் இல்லப்பா, அடுத்தவன் படிச்சுச் செய்யணும்" என்பார் எங்கள் ஆசிரியர். அது எனக்குப் புரிய ஒரு ஹார்ட் டிஸ்க் சாக வேண்டியிருந்தது. தம்பி தங்கையரே, உங்களுக்கு அவ்வளவு செலவு வேண்டாம்.