முதல் வேலையும் மூலச் சான்றிதழும்

பெற்றோருக்கு முதல் வணக்கம். சின்ன வெங்காயம் விலை விழுந்த ஆண்டிலும், மக்காச்சோளத்தில் படைப்புழு புகுந்த ஆண்டிலும் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டி முடித்தவர்கள் அவர்கள்தான். பட்டம் பெறும் பிள்ளைகளுக்கு வாழ்த்துகள்.

நேராக விஷயத்துக்கு வரலாம். இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் இன்னும் சில வாரங்களில் அரியலூரில் ரயில் ஏறுவார்கள். பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்தில் சென்னை பஸ் பிடிப்பார்கள். சிலர் எறையூர் காலணிப் பூங்காவிலோ, அரியலூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலை அலுவலகத்திலோ சேர்வார்கள். முதல் சம்பளம் அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்குமே சரியாகப் போய்விடும். அதையாவது சமாளிக்கலாம். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வரும் திட்டு, டார்கெட் முடிக்காதவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்கும் கேள்வி, லீவ் என்றதும் மாறும் முகம், இவைதான் ஆளை உடைப்பவை. வீட்டுக்குப் போன் போட்டால், "பொறுத்துக்கோ சாமி, கவர்மென்ட் வேலை கிடைக்கிற வரைக்கும் அனுபவமா இருக்கட்டும்" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அவமானம் யாருக்கும் தொழில் கற்றுத் தந்ததில்லை. தொழிலாளர் நீதிமன்றப் படிகளில் காலமெல்லாம் ஏறி இறங்கிய வழக்கறிஞர் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

2024 ஜூலையில் புணேவில் 26 வயதுப் பட்டயக் கணக்காளர் ஒருவர், உலகப் பெயர் பெற்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்த நான்கே மாதங்களில் இறந்துபோனார். வேலைப் பளுவே மகளைக் கொன்றது என்று தாய் எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016-ல் மட்டும் 7,45,000 பேர் இறந்தார்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டே வாரம் 70 மணி, 90 மணி வேலை செய்யச் சொல்லும் தொழிலதிபர்களின் பேச்சை எடைபோடுங்கள்.

இதை மாற்ற முடியுமா? முடிந்திருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி இருந்தார். அந்தத் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. விஜி அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' அமைத்தார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு நாற்காலி கேட்டார்கள். கேட்டவர்கள் படித்த பட்டதாரிகள் அல்லர். வேலை போனால் மறுநாள் அடுப்பு எரியாத வீட்டுப் பெண்கள். 2018-ல் கேரளம், கடை ஊழியர்கள் உட்கார இடம் தரும்படி சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கும் அதே போன்ற மசோதா வந்தது. மசோதாவைக் கொண்டுவந்த அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் பக்கத்துத் திட்டக்குடித் தொகுதிக்காரர். கடையிலும் நிறுவனத்திலும் எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வேண்டும், வேலைநேரம் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பது இன்று தமிழ்நாட்டுச் சட்டம். சென்னை ரங்கநாதன் தெருவில் துணி எடுக்கப் போகிறவர்கள், எதிரே நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 2014 கடைசியில் ஐடி நிறுவனமான டிசிஎஸ் ஆட்குறைப்பில் இறங்கியது. வேலைநீக்கக் கடிதம் பெற்ற கர்ப்பிணி ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 ஜனவரியில் இடைக்காலத் தடை கிடைத்தது. பிறகு நிறுவனம் அந்தக் கடிதத்தையே திரும்பப் பெற்றது. ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று 2016-ல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது.

இன்று வாங்கப்போகும் சான்றிதழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலையில் சேரும் நாளில், "ஒரிஜினலைக் கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். பீரோவில் பூட்டிவிடுவார்கள். அதன்பின் எந்தத் திட்டையும் வாங்கிக்கொண்டு அங்கேயே கிடக்க வேண்டியதுதான். தயவுசெய்து கொடுக்காதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், மூலத்தைக் கையோடு எடுத்து வாருங்கள். கல்லூரிகள் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்ட வழக்கிலேயே, அது சந்தைச் சரக்கல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் பீரியட் எத்தனை மாதம் என்று படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பே ஸ்லிப்பை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். பிஎஃப் பிடித்தால் அது கணக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைநேரத்தை வரையறுக்கிறது. மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருந்தே தீர வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்த உரிமைகளைக் கேட்க எங்கே போவது என்ற கேள்வி வரும். எங்கள் தலைமுறை படித்தபோது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்து வட்டங்கள். 1995-ல்தான் பெரம்பலூர் மாவட்டமானது. அரியலூர் நிலையாகப் பிரிந்தது 2007-ல். மனு கொடுக்கத் திருச்சிக்குப் பஸ் ஏறினால் ஒருநாள் கூலி போய்விடும். அந்தக் கூலியை நினைத்தே எத்தனையோ பேர் எழுதிய மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். இன்று இரண்டு ஊரிலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள்.