பாடாத மரம்



என் பேச்சு உங்கள் செவிக்கு வருவது ஓர் ஒலிபெருக்கியின் வாயிலாகத்தான். ஆயினும் பேச்சைக் கேட்கிறோமேயன்றி, அதைக் கொண்டுவந்து தரும் கருவியை நாம் நினைப்பதில்லை. அக்கருவியைக் கலைப்பொருளாகவே கருதி உருவாக்கியவர்களும் உலகில் உண்டு. அவர்களுடைய கைத்திறனைப் பற்றி இன்று சிறிது கூற விரும்புகிறேன்.

1925-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியியலறிஞர்கள் ஓர் ஒலிபெருக்கியை உலகிற்கு விளக்கினார்கள். இன்றுள்ள பெரும்பாலான ஒலிபெருக்கிகள் அதன் வழித்தோன்றல்களே. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள். அதனோடு இணைந்து ஒரு காகிதக் கூம்பு. மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைகின்றது. கூம்பு காற்றை அசைக்கின்றது. நாம் இசையைக் கேட்கிறோம். ஆனால் கூம்பு முன்புறத்தில் காற்றைத் தள்ளும்பொழுது பின்புறத்தில் இழுக்கின்றது. இவ்விரு அலைகளும் கலந்தால், தாழ்ந்த சுரங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே இரண்டையும் பிரித்துவைக்க ஒரு பெட்டி வேண்டியதாயிற்று. தச்சருடைய பணி தொடங்குவது இங்கேதான்.

பெட்டியோ எளிதில் அடங்குவதன்று. அதன் பலகைகள் அதிரும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் தேங்கும். கூரிய விளிம்புகளில் சிதறும். ஹாரி ஓல்சன் என்ற அமெரிக்க அறிஞர், 1950-களின் தொடக்கத்தில், பல வடிவப் பெட்டிகளைச் செய்து சோதித்தார். உருண்டை வடிவில் ஒலி சீராகவும், கூரிய விளிம்புடைய கனசதுரத்தில் மேடு பள்ளமாகவும் இருக்கக் கண்டார். கண்ணுக்கு இனிய வளைவு செவிக்கும் நன்மை செய்கின்றது!

இத்தாலியில் விசென்சா நகரை அடுத்துப் பணி செய்த பிராங்கோ செர்பிளின் என்பவர், 1990-களில் அமைத்த ஒலிபெருக்கி ஒன்றுக்குக் குவார்னேரி என்று பெயரிட்டார். அது கிரெமோனா நகரில் வயலின் செய்து புகழ்பெற்ற குடும்பத்தின் பெயர். மேலிருந்து நோக்கினால் லியூட் என்னும் பழைய நரம்புக் கருவியின் வடிவம் தெரியும். மரப்பட்டைகளை ஒட்டி, இழைத்து, வார்னிஷ் பூசியிருப்பார்கள். முகப்பை மறைப்பது துணியன்று. நெடுக இழுத்துக் கட்டிய மெல்லிய இழைகள்.

ஆயினும் இங்கு ஒரு முரண்பாடு உண்டு. வயலினின் மரம் பாடவேண்டும். அதற்காகவே அதனை மெல்லியதாகச் செதுக்குகிறார்கள். ஒலிபெருக்கியின் மரமோ பாடலாகாது. பாடினால், எவர் பாடினாலும் அதனுடைய குரலும் சேர்ந்தே ஒலிக்கும். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தார் 1970-களில், வெளியிட ஒலிபரப்பு வண்டிகளுக்கென ஒரு சிறு பெட்டியை அமைத்தனர். அதில் அலங்காரம் ஏதுமில்லை. மெல்லிய ஒட்டுப்பலகை, உட்புறம் அதிர்வை அடக்கும் தார்ப்பொருள் அடுக்கு. எனினும், மனிதக் குரலை இயல்பாகத் தருவதில் அது பெரும் புகழ் பெற்றது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த விதி புதிதன்று. என் நடை அழகாக இருக்கலாம். மூலத்தில் பேசுபவரின் குரலை அது மூடிவிட்டால், அழகே குற்றமாகிவிடும்.

ஆகவே, விலையுயர்ந்த பெட்டியொன்றை வாங்கச் செல்பவர், அதன் மெருகைக் கண்ணாரக் கண்டு மகிழட்டும், அதில் தவறில்லை. பின்னர்க் கண்ணை மூடிக்கொண்டு, தாம் நன்கு பழகிய ஒருவரின் குரலை அதில் கேட்கட்டும். அவரே எதிரில் அமர்ந்து பேசுவதுபோல் தோன்றினால், அந்தத் தச்சர் தம் கடமையைச் செய்துவிட்டார் என்று கொள்ளலாம்.