கேனைத் தரையில் வையுங்கள்



மலையகத்துப் பொகவந்தலாவையில் மழை விட்டு, காற்று காய்ந்து கிடக்கும் தை, மாசி மாதங்கள். இரவில் சுவெட்டரைக் கழற்றினால் படபடவென்று சத்தம் கேட்கும். இருட்டில் சின்னப் பொறிகூடத் தெரியும். அதுதான் நிலைமின்சாரம்.

வீட்டில் அது வேடிக்கை. பெற்றோலுக்குப் பக்கத்தில் அதுவே ஆபத்து.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்றோம். கேனிலும் போத்தலிலும் வாங்கிப் பத்திரப்படுத்தினோம். இன்றும் புல்வெட்டும் மெஷினுக்குக் கேனோடுதான் போகிறோம். அந்தக் கேனை எங்கே வைத்து நிரப்புகிறோம்?

ஆட்டோவுக்குள் ரப்பர் விரிப்பின் மேல் வைக்காதீர்கள். பெற்றோல் குழாயில் ஓடி விழும்போது மின்சாரம் சேரும். ரப்பர் அதைத் தரைக்கு இறங்க விடாது. ஒரு பொறி போதும், பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும். குளிர்தானே என்று நினைக்க வேண்டாம். புல்லில் பனி உறையும் குளிரிலும் பெற்றோல் ஆவியாகும்.

ஆகவே, என்ஜினை நிறுத்துங்கள். பெற்றோலுக்கென்றே செய்த கேனைக் கொண்டு போங்கள். அதைத் தரையில் வையுங்கள். குழாயின் முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள்.

தப்பித் தவறித் தீப்பிடித்தால், குழாயை வெளியே இழுக்காதீர்கள். இழுத்தால் தீயும் கூடவே வரும். விலகி நின்று, பம்பை நிறுத்தச் சொல்லிச் சத்தம் போடுங்கள்.

மறக்க வேண்டாம்: கேன் தரையில்தான் இருக்க வேண்டும். பெற்றோல் செட்டுக்குப் போகும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.